ஆராய்ந்தாய், ஆராய்: தரப்பரிசோதனைத் தலைவி சந்திரகலா அம்மையாருக்கு வாசித்தளித்த மடல்

அனலருகே அமர்ந்தும் அகங்குளிர்ந்த அம்மையே! இரும்பின் இதயத்தில் இழையோடும் விரிசலையும் இமைப்பொழுதில் இனங்கண்ட இணையிலா விழியே! பழவேற்காட்டுப் பரவைக்கரை பயந்த பண்பின் பெட்டகமே! கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டில் நீலமேகம் ஃபோர்ஜிங் தொழிற்சாலையின் நெடுவாயிலில் முப்பத்தோராண்டு முறை பிறழாது நுழைந்து, முறை பிறழாது வெளியேறி, இன்று மூத்தோர் வரிசையில் முதலிடம் பெற்று விடைபெறும் சந்திரகலா அம்மையீர்! வணங்கி, வாழ்த்தி, வாய் திறக்கிறோம்!

இதே நடையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டுத் தங்களிடம் காட்டினோம். தாங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துப் பார்த்தீர்கள்.

"இது யாருப்பா? எனக்குத் தெரிஞ்ச பொம்பளையா தெரியலயே. நடந்தத எழுதுங்க. அந்த நாப்பத்தோரு நாளும் சேத்து எழுதுங்க. இல்லன்னா, கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுத்தாலும் நான் ஊட்டுக்கு எடுத்துனு போ மாட்டேன்" என்றீர்கள்.

ஆகவே நடந்ததை எழுதுகிறோம். நடந்ததில் பாதி தங்களுக்கே தெரியாது. அந்தப் பாதி காவலர் பரசுராமனுடைய நெஞ்சுக்குள் நடந்தது. அவர் பத்து நாள் உணவுக்கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் அதை இங்கே வைக்கிறோம்.

அம்மையீர்! பரசுராமன் கவரைப்பேட்டைக்கு மேற்கே நெல் விளையும் ஊரில் பிறந்தவர். பக்கத்து வயல்காரர் வரப்பை ஒரு சாண் வெட்டித் தள்ளிவிட்டார் என்று அவருடைய அப்பா பதினெட்டு வருடம் பொன்னேரி கோர்ட்டுக்கு நடந்தார். "வரப்பு தானா நவுராதுடா" என்பதுதான் அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அப்படி வளர்ந்தவர் நம் ஆலைக்குக் காவல் மேற்பார்வையாளராக வந்தார். சோற்று டப்பாவின் அடியைத் தட்டிப் பார்ப்பார். தண்ணீர்ப் பாட்டிலைக் குலுக்கிப் பார்ப்பார். காலை வணக்கம் சொன்னால், இன்றைக்கு ஏன் சொல்கிறான் என்று யோசிப்பார்.

இரண்டாண்டுக்கு முன் ஆனி மாதம் நம்மிடம் சரக்கு வாங்கும் வண்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் இரண்டு அச்சு முனைகளைக் கொண்டுவந்து பொது மேலாளர் பரணிதரன் மேசைமேல் வைத்தார். முன்சக்கரம் சுழலும் அந்த முனை நாம் செய்து கொடுப்பது. ஒன்று நம்முடையது, மற்றொன்று வேறொரு ஆலை பாதி விலைக்குச் செய்தது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. அதில்தான் வினை. முனையின் கழுத்து வளைவு எட்டு மில்லிமீட்டர் என்பதுதான் எல்லாரும் அறிந்த அளவு. அந்த அளவில் அது சோதனையில் உடைந்துகொண்டே இருந்தது. எட்டு மாதம் இரும்பை உடைத்து உடைத்துப் பார்த்து, எட்டுப் புள்ளி நான்கு என்று கண்டுபிடித்தவர் தாங்கள். அந்தப் புள்ளி நான்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அடுத்த ஆலையின் முனையில் இருந்தது.

"பரசு, யாரோ டிராயிங்க வெளிய குடுத்திருக்காங்க. ஒரு மாசத்துல எனக்கு ஆளு வேணும்" என்றார் பரணிதரன்.

அந்த அளவை அறிந்தவர்கள் ஒன்பது பேர். பரசுராமன் ஒன்பது பெயரையும் தாளில் எழுதினார். கண்டுபிடித்தவர் பெயர்தானே முதலில் வரும்? தங்கள் பெயர் முதலில் வந்தது. எழுதி முடித்ததும் பட்டியலின் தலையில் இருந்ததாலேயே அது அவர் கண்ணை உறுத்தியது.

அன்று முதல் கேமராவில் தங்களைப் பார்க்கத் தொடங்கினார். மதியம் எல்லாரும் சாப்பிட்டுச் சாயும் வேளையில் தாங்கள் ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்து எழுதினீர்கள். இரண்டாம் நாள்தான் பரசுராமனுக்கு உறைத்தது: கை வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகிறது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை வாசலில், பெண்களைச் சோதிக்கும் காவலர் செல்வி தங்களைத் தடவிப் பார்த்தாள். "திரும்புங்க மேடம்" என்று முதலில் முதுகு, பிறகு முன்பக்கம். பையிலிருந்து நோட்டு வந்தது. "இத சூப்பர்வைசர் கேட்டாரு மேடம், நாளைக்குத் தந்துடுவாரு" என்றாள். நாளைக்கு என்பது ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பரசுராமன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நோட்டைப் புரட்டினார். கொக்கி கொக்கியாய், சதுரம் சதுரமாய் எழுத்துகள். தமிழில்லை, தெலுங்கில்லை, உருதுமில்லை. வரிகளுக்கு எண் போட்டிருந்தது: ஒன்று முதல் இருபத்துநான்கு. ஆறு வரிக்கு ஒரு கோடு. ஆக நான்கு பாகம். முதல் வரியிலும் இருபத்துமூன்றாம் வரியிலும் ஒரே மாதிரியான மூன்று எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, இரண்டையும் நீண்ட அம்புக்குறியால் இணைத்திருந்தது. ஓரத்தில் தமிழில் பொடி எழுத்து: "முதலில் ஆராய்ந்தாய். கடைசியில் ஆராய். நடுவில் என்ன நடந்தது?"

என்ன நடந்தது என்று பரசுராமனுக்குத் தெரிந்துவிட்டது. நம்மிடம் சம்மட்டி இயந்திரம் நான்கு. இரும்புக்கு உருக்கொடுக்கும் அச்சு ஒவ்வொன்றுக்கும் ஆறு. நாலாறு இருபத்துநாலு: எல்லா அச்சின் அளவும் இதில் இருக்கிறது!

பரணிதரன் அறையில் விசாரணை நடந்தது. பரசுராமன் நோட்டை விரித்து வைத்து, கணக்கைச் சொன்னார். தாங்கள் முழுதும் கேட்டுவிட்டு, "இதுல ஒரு எழுத்தாவது படிச்சியாப்பா?" என்றீர்கள்.

"படிக்க முடியாத மாதிரி எழுதறதே தப்புதான மேடம்?"

"இது எபிரெய மொழி. பைபிள்ல சங்கீதம் நூத்து முப்பத்தொன்பது. யூதருங்க பாட்டு. நான் படிச்சிகினு இருக்கேன்."

"நீங்க மதம் மாறிட்டீங்களா?" என்றார் பரணிதரன்.

"இல்ல சார். ஆடி மாசம் எங்க குப்பத்துல எல்லையம்மனுக்குக் கூழு ஊத்தறேன். வந்தா உங்களுக்கும் ஊத்தறேன்."

"யாருனா டப்பு குடுக்கறாங்களா இதுக்கு?" இது பரசுராமன்.

"ஒருத்தரும் குடுக்கல."

"பரீட்சை எதுனா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு மேடம்?"

"தெரிஞ்சிக்கத்தான்."

அம்மையீர்! அந்த ஒற்றைச் சொல்தான் தங்களைக் கவிழ்த்தது. வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் அந்த அறை நம்பியிருக்கும். பணத்துக்கு என்றால் நம்பியிருக்கும். சாமிக்கு என்றால் நம்பியிருக்கும். ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி, பழவேற்காட்டு ஏரியில் வலைவீசியவர் மகள், ஒரு ஆதாயமும் இல்லாமல் ஆறு வருடமாய் ஒரே ஒரு பாட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நம்புவதற்கு அங்கே யாரிடமும் இடமில்லை. "கதைக்கும் ஒரு அளவு வேணாமா மேடம்" என்று பரணிதரன் நோட்டை மூடினார்.

தங்களைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எடுத்து, சரக்கேற்றும் கொட்டகையில் ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார்கள். வேலை எதுவும் கிடையாது. எட்டு மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து மணிக்குப் போக வேண்டும். நாற்பத்தோரு நாள்.

பரசுராமனை மட்டும் குற்றம் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்த நாற்பத்தோரு நாளும் உணவுக்கூடத்தில் தங்கள் எதிரே யாரும் தட்டு வைக்கவில்லை. தாங்கள் வந்தால் பேச்சு நின்றது. "ஒண்ணுமில்லாம புடிப்பாங்களா?" என்று எங்களுக்குள் நாங்களே கேட்டுக்கொண்டோம். முப்பதாண்டு எங்கள் வேலையில் பிழை கண்டு, மேலாளருக்குப் போகுமுன் எங்களிடமே சொல்லித் திருத்திய தங்களிடம், "அப்படிச் செய்தீர்களா?" என்று நேரே கேட்கக்கூட ஒருவருக்கும் நா எழவில்லை.

பரசுராமனுக்கோ தூக்கமில்லை. ஆள் கிடைத்துவிட்டது, சாட்சி கிடைக்கவில்லை. நோட்டின் பின் அட்டையில் "போதகர் ஞானாபரணம், புதுவாயல்" என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சீருடையைக் கழற்றிவிட்டு அங்கே போனார். நெடுஞ்சாலை ஓரம் பரோட்டாக் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம். நெற்றி ஏறிய மனிதர் ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சந்திரகலா மேடம் சொன்னாங்க. அந்தப் பாட்ட நானும் கத்துக்கணும்" என்றார் பரசுராமன்.

போதகர் அவருடைய பூட்ஸைப் பார்த்தார். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுது. பரவால்ல, உக்காருங்க. அந்தம்மா நாலு வாரமா வரல. வந்தா என்மேலயும் சந்தேகம் வரும்னு நின்னுட்டாங்க."

நின்றுவிட்டார்களா? தடயத்தை மறைக்கிறார்கள் என்று பரசுராமன் மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

"இது எப்படி ஆரம்பிச்சுது?"

"காலண்டர்ல. எங்க சபை காலண்டர் ஒண்ணு டீக்கடைல மாட்டியிருந்தது. 'நான் உட்கார்றதும் எழறதும் நீ அறிவாய்'ங்கற மாதிரி ஒரு வரி. அந்தம்மா நேரா இங்க வந்தாங்க. 'அய்யரே, எங்க ஆபீஸ்ல கேமரா வச்சிட்டாங்க, அதே மாதிரி இருக்கே இது. இந்தாளு சாமிய புகழறானா, இல்ல பிராது குடுக்கறானா?'ன்னாங்க. நான் முப்பது வருஷமா பிரசங்கம் பண்றேன். என்னை ஒருத்தரும் அதக் கேட்டதில்ல. மூலத்துல பாத்தாதான் தெரியும்னேன். 'அப்ப மூலத்தக் கத்துக் குடு'ன்னுட்டாங்க."

போதகர் ஒரு தாளை எடுத்து வைத்துச் சொல்லத் தொடங்கினார். அந்த மொழியின் பாட்டில் எதுகை, மோனை, சீர்க் கணக்கு என்று நம்மைப்போல் இல்லையாம். ஒவ்வொரு வரியும் இரண்டு துண்டு. முதல் துண்டு ஒன்றைச் சொல்லும். இரண்டாவது அதையே வேறு விதமாய்ச் சொல்லும், கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ. "நான் காலேஜ்ல இத மூணு மாசம் படிச்சேன். அந்தம்மா ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. 'எங்க வலை மாதிரின்னு சொல்லுங்க. மேல ஒரு கயிறு மிதவையோட, கீழ ஒரு கயிறு ஈயத்தோட. ரெண்டு கயிறும் சேந்தாதான் நடுவுல மீனு நிக்கும்'னாங்க."

பரசுராமன் மேசைக்கு அடியில் காலால் துழாவினார். ஒன்றுமில்லை.

"அஞ்சாவது வரியப் பாருங்க. 'பின்னாலயும் முன்னாலயும் நெருக்கி, உன் கைய என்மேல வச்சாய்.' நெருக்கறதுன்னா, பகைவன் ஒரு ஊர முற்றுகை போடறதுக்குச் சொல்ற வார்த்தை அது. கை வச்சது காப்பாத்தவா, சோதனை போடவா? பாட்டு சொல்ல மாட்டேங்குது. வேணும்னே சொல்ல மாட்டேங்குது."

பரசுராமனுக்கு வாசலில் செல்வி நிற்பது கண்ணில் வந்தது. முதலில் முதுகு, பிறகு முன்பக்கம். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"இரண்டாம் பாகத்துல தப்பி ஓடப் பாக்கறான். வானத்துக்கு ஏறினாலும் நீ, பாதாளத்துல படுத்தாலும் நீ. விடியலோட சிறகைக் கட்டிக்கினு பறந்து கடலோட கோடில போய்த் தங்கினாலும் அங்கயும் உன் கை. அந்தம்மாவுக்கு இது மட்டும் புரியல. 'விடியறது எங்க கடல்லதான், அப்புறம் இன்னாத்துக்குப் பறக்கணும்?'னாங்க. நமக்குக் கடல் கிழக்கால. அவங்க நாட்டுல கடல் மேற்கால. மேலயும் கீழயும் மாதிரி, கிழக்கயும் மேற்கயும் எதிரெதிரா வச்சிருக்கான். அத நான் சொன்னதும் அந்தம்மா கைதட்டிச் சிரிச்சாங்க. அப்படி ஒரு சிரிப்பு."

பரசுராமன் இரண்டு மணி நேரம் இருந்தார். கிளம்பும்போது ஜெபக்கூடத்தின் பின்பக்கத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவருக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. இவ்வளவு சுத்தமாய் இருக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய ஆள்கள்!

நாற்பத்தோராம் நாள் உண்மையின் ஒரு முனை வெளியே வந்தது. அந்த அடுத்த ஆலையிலிருந்து வேலையை விட்டு வந்த ஒருவர், வண்டிக் கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நம் வரைபடங்கள் அழிக்காமல் அப்படியே இருந்தனவாம்.

பரணிதரன் தங்களைக் கூப்பிட்டு, "சாரி மேடம், நாளைலேந்து லேபுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள், கழிவுச் சாமான் ஏற்றும் ஒப்பந்தக்காரரின் ஆள் கலியனைப் பிடித்து வந்து காவல் அறையில் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர்களைத் திருடி விற்றான் என்று போலீசில் கொடுப்பதாய் முடிவாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "எட்த்துனு போன்னாங்க, எட்த்துனு போனேன் சார்."

"யாரு சொன்னது?" என்று அதட்டினார் பரசுராமன்.

கலியன் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பார்வை பரசுராமனுக்குப் பிடிக்கவில்லை. திருட்டுக்குச் சாட்சி எடுக்க வாசல் பதிவேட்டைப் புரட்டினார். அதற்கு முந்தின வருடம் ஆயுதபூஜைக்கு முதல்நாள். "பழைய கம்ப்யூட்டர் பதினொன்று. சரிபார்த்து வெளியே விடப்பட்டது." கையெழுத்து அவருடையது.

எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆலை முழுக்கக் கழுவித் துடைத்த நாள். பொரி கடலை வாங்கிக்கொண்டு பெண்கள் வெளியே போனார்கள். பொரிப் பொட்டலத்துக்குள் ஆணி கடத்துகிறார்களோ என்று அவர் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் லாரி ஆரன் அடித்தது. திரும்பிப் பார்க்காமலே, "எடுத்துனு போய்யா, பேஜாரு பண்ணாத" என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

அறையில் அவரும் கலியனும்தான். கலியனுக்குப் படிக்கத் தெரியாது. பதிவேட்டுக்கு நகல் கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தால் பக்கத்துப் பக்கமும் தானாய்க் கழன்று வந்துவிடும், அவ்வளவு பழைய தையல். கையை அதன்மேல் வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்றார் எங்களிடம். அன்றுதான் வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்தது. இந்தக் கை என்ன செய்யும் என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மையீர்! பிறகு அவர் பதிவேட்டையும் தங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். தாங்கள் ஒரு முனையை வெட்டிப் பளபளப்பாக்கி, உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"நோட்டு" என்று மேசைமேல் வைத்தார். போகாமல் நின்றார்.

"இன்னா?"

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்டுல கடைசிப் பாகத்த அந்த போதகர் சொல்லல, நேரமாயிடுச்சு. ஓரத்துல நீங்க 'கொலைகாரனுங்களே போங்க, உன்னைப் பகைக்கிறவன நானும் பகைக்கிறேன்'னு தமிழ்ல எழுதி வச்சிருக்கீங்க. சாமி பாட்டுல இன்னாத்துக்கு அந்த மாதிரி?"

தாங்கள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தீர்களாம். பார்த்துவிட்டு ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினீர்கள்.

"நெறைய பேரு அந்த நாலு வரிய உட்டுட்டுதான் படிக்கறாங்க. அசிங்கமா இருக்குன்னு. ஆனா அத எடுத்துட்டா பாட்டே நிக்காது. இங்க பாரு. முதல் பாகம், நீ என்னைத் தெரிஞ்சி வச்சிருக்க. ரெண்டாவது, உன்ன உட்டு எங்க ஓடறது. மூணாவது, அம்மா வயித்துல நான் உருவமில்லாத பிண்டமா இருக்கச்சொல்லவே நீ பாத்துட்ட. நம்ம சூளைக்குப் போறதுக்கு முந்தி துண்டு இரும்பு கெடக்குமே, அதுமாதிரி. நாலாவதுல, ஆளு அப்படியே திரும்பி ஊரக் கை காட்டறான். அவன் கெட்டவன், இவன் கொலைகாரன், அவன ஒழி. நாலு வரி. கை நீட்டியே நிக்குது."

"அப்பறம்?"

"அப்பறம் இருபத்துமூணாவது வரி. 'என்னை ஆராய்.' நடுவுல ஒரு 'ஆனா' இல்ல, ஒரு 'அதனால' இல்ல. நீட்டின கை அப்படியே மடங்கித் தன் நெஞ்சுக்கு வந்துடுது. முதல் வரில 'என்னை ஆராய்ந்தாய்'னு சொன்ன அதே வார்த்த. அங்க நடந்து போச்சு, அவனக் கேக்காமயே நடந்துச்சு. இங்க அவனே வாயத் திறந்து கேக்கறான். அதுக்குப் பக்கத்துல இன்னொரு வார்த்த, 'என்னைச் சோதி'ன்னு. தங்கத்த உருக்கித் தரம் பாக்கறதுக்குச் சொல்றது அது. என் வேல. பிறத்தியார நோவடிக்கிற வழி என்கிட்ட எதுனா இருக்கான்னு பாருங்கறான்." நோட்டை மூடி வைத்தீர்கள். "புகழறானா, பிராதான்னு கேட்டு நான் போனேன். ரெண்டும்தான். பிராதா ஆரம்பிச்சத அவன் வேண்டுதலா முடிக்கறான். அதுக்கு இருபத்திரண்டு வரி ஆவுது அவனுக்கு."

பரசுராமன் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தங்கள் முன் வைத்தார்.

தாங்கள் படித்தீர்கள். தேற்றுவீர்கள் என்று அவர் எதிர்பார்த்தார். தாங்கள் தேற்றவில்லை.

"இத எனக்கு இன்னாத்துக்குக் காட்ற? கலியன் அங்க உக்காந்துகினு இருக்கான். மேல கொண்டுபோய்க் காட்டு."

"சரிக்கா" என்று கை நீட்டினார். தாங்கள் பதிவேட்டைக் கொடுக்கவில்லை. விரல் அந்தப் பக்கத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பதினொரு கம்ப்யூட்டர்களின் எண்கள் வரிசையாய் இருந்தன. ஏழாவதில் விரல் நின்றது. எட்டாவதில் நின்றது. தங்கள் முகம் மாறியதை அவர் கண்டார்.

"இந்த ரெண்டும் லேபுது" என்றீர்கள். "நான்தான் கழிச்சு அனுப்பினேன். உள்ள இருந்தத அழிச்சிட்டு அனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்ல. எட்டுப் புள்ளி நாலு இதுலதான் இருந்தது."

வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த எண்கள் எந்தக் கூடத்துக்கு உரியவை என்பது தங்கள் தலையில் மட்டுமே இருந்தது. தாங்கள் ஸ்டூலிலிருந்து எழுந்து, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வா" என்றீர்கள்.

பரணிதரன் இருவரும் சொன்னதைக் கேட்டார். "பரசு விஷயம் சரி. மேடம், உங்க பேரு இதுல வேணாம். ஏற்கெனவே உங்களுக்கு நாங்க செஞ்சது போதும். இது யாருக்கும் தெரியவும் போறதில்ல" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார். எழுதுங்க."

எழுதினார்கள். கலியன் அன்று மாலையே விடுவிக்கப்பட்டார். இன்றும் நம் லாரியில்தான் ஏற்றுகிறார், இப்போது இந்த விழாவிலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பரசுராமன் மேற்பார்வையாளர் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பின்வாசல் காவலர் ஆனார். தங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

இதன்பின் எல்லாரும் கைகோத்துக்கொண்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நாங்கள் வெட்கத்தோடு தங்கள் மேசைக்குத் தட்டோடு திரும்பி வந்தபோது, தாங்கள் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள், பேசவில்லை. பரசுராமன் ஒருநாள் வந்து மன்னிப்புக் கேட்டார். "கேட்டுட்ட, சரி. ஆனா அந்த நாப்பத்தோரு நாள நான் மறக்கல. மறந்துட்டேன்னு சொன்னா பொய்யி" என்றீர்கள். எட்டு மாதம் கழித்துத்தான் தாங்களாகவே அவரை "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டீர்கள். அந்த எட்டு மாதத்தையும் குறைக்காமல் எழுதுமாறு சொன்னவர் பரசுராமனே.

முப்பத்தோராண்டுப் பணியின் முழுமதியே! ஒருநாள் தாமதமில்லை, ஒருமுறை தவறான சான்றிதழில்லை, தாங்கள் தேறியதென்று முத்திரையிட்ட ஒரு முனையும் இன்றுவரை எந்தச் சாலையிலும் உடைந்ததில்லை. தங்கள் பணிப்பதிவேட்டில் குறை என்று சொல்ல இருப்பது ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம். மற்றவர்க்கெல்லாம் அத்தகைய கடிதம் தேடி வரும். தாங்களோ தேடிப்போய்க் கேட்டு வாங்கினீர்கள். எத்தனையோ விருதுப் பட்டயங்களைச் சுவரில் மாட்டியிருக்கும் இந்த ஆலை, அதைப்போல் இன்னொன்றை யாருக்கும் கொடுத்ததில்லை என்று பெருமையோடு பறைசாற்றுகிறோம்!

வாழிய அம்மையீர்! நோயின்றி, நோவின்றி, நுண்விழி மங்கலின்றி வாழிய! போதகர் ஞானாபரணம் ஐயாவைக் கேட்டோம்: அந்நூலில் உள்ள சங்கீதங்கள் மொத்தம் நூற்றைம்பதாம். தாங்கள் ஒன்றுக்கு ஆறாண்டு எடுத்துக்கொண்டீர்கள். மீதம் நூற்று நாற்பத்தொன்பது. நம் கணக்கர் பெருக்கிப் பார்த்து, எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு ஆண்டு வேண்டும் என்கிறார். ஓராண்டும் குறையாமல் இருந்து படித்து முடிக்க வேண்டும் என்று எல்லையம்மனையும், அந்தப் பாட்டுக்காரன் பேசிய கடவுளையும் ஒருங்கே வேண்டுகிறோம்!

இங்ஙனம்,
தங்களை ஒருகாலத்தில் சந்தேகித்த,
நீலமேகம் ஃபோர்ஜிங் தொழிலாளர்களும் அலுவலர்களும்,
கும்மிடிப்பூண்டி.

வாசித்தவர்: பரசுராமன், பின்வாசல் காவலர்.